கோணிக்குள் பேசிய பெட்டி

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் பஜ்ஜி போடும் அந்த அம்மாவின் நெற்றியில் எப்போதும் கடலை மாவு அப்பியிருக்கும். செல்போனில் யார் பணம் அனுப்பினாலும் தள்ளுவண்டிக்குக் கீழே குனிந்து, சுருட்டிய கோணிப்பையில் காதை வைப்பார். பிறகுதான் பொட்டலத்தைக் கொடுப்பார். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி அந்தக் கோணிக்குள் இருந்தது.

"எதுக்குக்கா அதைப் பொத்தி வச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது ஊருக்கே கத்துது சார். எதிர்க்க ஆட்டோவுல குந்திகினு கீறாரே எங்க ஊட்டுக்காரு, அவரு காதுல உய்ந்தா அவ்ளோதான். பூராத்தையும் புடுங்கிக் குட்ச்சிடுவாரு."

"அப்போ பெட்டியே வேணாம்னு திருப்பிக் குடுத்துடலாமே?"

"எனக்குப் படிக்கத் தெரியாதே சார். நீ போனைக் காட்டினா நான் இன்னாத்தைக் கண்டேன்?"

போன மாதம் பெட்டி சட்னி வாளிக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. நான் அனுப்பிய முப்பது ரூபாயைத் தெருவுக்கே சொன்னது. அந்த அம்மா பழக்கத்தில் கீழே குனிந்து, பாதியில் நிமிர்ந்தார். எதிரே ஆட்டோ நின்றது, ஆள் இல்லை.

பொட்டு இருக்கிறதா என்று நெற்றியைப் பார்த்தேன். வழக்கம்போல அங்கே மாவுதான் அப்பியிருந்தது.