நெதர்லாந்திலிருந்து நான் போட்ட கதவு

பெங்களூர் அல்சூரில் எங்கள் பழைய வீட்டுக்குக் குளியலறையும் கழிப்பறையும் கொல்லைப்புறத்தில்தான். நாலு படி இறங்கிப் போக வேண்டும். போன மழைக்காலத்தில் அம்மா அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை, கணுக்கால் மட்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. அவள் தனியாக இருக்கிறாள். ஒரே மகள் நான், இருப்பதோ நெதர்லாந்தில். போனில் அழுதேன். அழுது முடித்ததும் அதிகாரம் செய்யத் தொடங்கினேன்.

"ஒண்ணு, வீட்டுக்குள்ள பாத்ரூம் கட்டணும். இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்."

அம்மா ஒரு தடவை இங்கே வந்து மூன்று வாரம் இருந்திருக்கிறாள். "தெருவுல ஒரு மனுஷக் கொரல் கேக்கல. நான் யார்கிட்ட பேசறது, வாத்துகிட்டயா?" என்று சொல்லிவிட்டுப் போனவள். இப்போது யோசிக்கவே இல்லை.

"பாத்ரூமே கட்டிடு" என்றாள்.

கூடத்தை ஒட்டி வரிசையாக மூன்று அறைகள். அம்மாவின் படுக்கையறை, நடுவில் சாமான் அறை, அப்புறம் சமையலறை. சாமான் அறையைக் குளியலறை ஆக்குவது, கூடத்துப் பக்க வாசலை அடைப்பது, படுக்கையறைச் சுவரை உடைத்துக் கதவு வைப்பது, இதுதான் என் திட்டம். பக்கத்து மர்பி டவுனிலிருந்து ஒரு மேஸ்திரி கிடைத்தார். எங்கள் தெருவில் பாதி வீடுகளை இடித்தவர் அவர். மீதிப் பாதியைக் கட்டியவரும் அவரே. அவர் காலை பத்து மணிக்கு வருவார். எனக்கு அப்போது ஆறரை. பல்லைக்கூட விளக்காமல் வீடியோவில் உட்காருவேன்.

அம்மா வீடியோ காலிலும் போனைக் காதில்தான் வைத்துக்கொள்வாள். முதல் இரண்டு வாரம் நான் மேற்பார்வை பார்த்தது அவளுடைய காதுத் தோட்டைத்தான். அதற்குள் அங்கே வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. நான் தேர்ந்தெடுத்த சாம்பல் நிற டைல்ஸ் கடைக்குத் திரும்பிப்போய், வெளிர்நீலம் வந்திருந்தது. "சாம்பல் கலர்ல குளிச்சா குளிச்ச மாதிரியே இருக்காதுடி" என்றாள் அம்மா. போதாக்குறைக்குக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் புதிதாகச் சிமெண்டும் பூசியாகிவிட்டது. நான் மேஸ்திரியிடம் எது சொன்னாலும் "ஆய்த்து மேடம்" என்று கன்னடத்தில் சரி சொல்வார். போனை வைத்ததும் அம்மாவிடம் போய், அவள் சொன்னதைச் செய்வார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இனிமே நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் என்ன கேட்டாலும் மகளக் கேளுங்கன்னு சொல்லிடு" என்றேன். அம்மா சரி என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்றதில்லை. அதைப் பார்த்தாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கதவு வைக்கும் நாள் வந்தது. மேஸ்திரிக்கு எல்லாம் துல்லியமாகப் போய்ச்சேர வேண்டுமென்று மூன்று அறைகளையும் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, கதவை அம்பு போட்டுக் காட்டி, போனுக்கு முன்னால் பிடித்தேன். திரை மூலையில் என் படம் தெரியும் சின்னப் பெட்டியில் பார்த்தால், இடம் வலமாக இருந்தது. கண்ணாடியில் தெரிவதைப் போலத்தான் நம் படம் நமக்குத் தெரியும், எதிராளிக்கு நேராகவே தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் மாறித்தான் தெரிகிறதென்று நினைத்து, புத்திசாலித்தனமாக எல்லாவற்றையும் திருப்பி வரைந்தேன். இப்போது சின்னப் பெட்டியில் சரியாக இருந்தது.

"இந்தப் பக்கமா மேடம்? நிச்சயமா?" என்று மேஸ்திரி இரண்டு தடவை கேட்டார்.

"படத்தப் பாருங்க. படத்துல எங்க இருக்கோ அங்கதான்" என்று அதட்டினேன்.

அதற்கப்புறம் அவர் அனுப்பிய வீடியோக்களில் நீல டைல்ஸ் பளபளத்தது, குழாயில் தண்ணீர் கொட்டியது, உள்ளிருந்து பார்த்தால் கதவும் அழகாகச் சாத்தியிருந்தது. எனக்கு ஒரே பெருமை. அலுவலகத்தில் நாலு பேரிடம் காட்டினேன்.

மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனேன். படுக்கையறைச் சுவர் முழுசாக இருந்தது. கதவைக் காணோம். தேடிக்கொண்டு போனால், சமையலறையில், கேஸ் அடுப்புக்கும் சாமி அலமாரிக்கும் நடுவே கழிப்பறை திறந்தது. எங்கள் வீட்டில் குளிக்காமல் அந்த அலமாரிப் பக்கமே யாரும் போக மாட்டோம்.

மேஸ்திரியை வரவழைத்துக் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க காட்டின படத்துல இருந்த மாதிரித்தான் மேடம் வெச்சேன். எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்திச்சு. ஃபாரின்ல இப்பிடித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்."

அம்மா பக்கம் திரும்பினேன். "சொவத்த உடைக்கறப்ப பாத்துட்டு சும்மாவா இருந்தே?"

"நீதானேடி பேசாதன்னே" என்றாள்.

மேஸ்திரி அவசரமாக ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

அவர் போனதும் கொல்லைக் கதவருகே ஒரு குடை சாத்தியிருப்பதைப் பார்த்தேன். இன்னும் ஈரமாக இருந்தது. சாமிக்குப் பக்கத்தில் திறக்கிற கழிப்பறைக்குப் போக மனசில்லாமல், இந்த மூன்று மாதமும் அவள் அந்த நாலு படியில்தான் இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள்.

"நான் பேசாதன்னா அப்பிடியே இருந்துடுவியா? தினம் போன்ல பேசினியேம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்மா புடவைத் தலைப்பை நீவிவிட்டுக்கொண்டாள்.

"தப்பாப் போச்சுன்னு சொன்னா நீ என்ன சொல்லுவே? அந்த வீடே வேணாம்மா, கெளம்பி எங்கிட்ட வந்துடுன்னுவே. அதான் சொல்லல."

அவள் கணக்கு தப்பில்லை. அவளுக்கான விசா படிவங்களைப் பாதி நிரப்பி, எதற்கும் இருக்கட்டுமென்று பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மேஸ்திரி வந்தார். கதவு எங்கே என்று என்னைக் கேட்டார். நான் அம்மாவைக் காட்டினேன். அவள் அவரிடமிருந்து பென்சிலை வாங்கி, படுக்கையறைக்குள் போய், கட்டிலிலிருந்து எட்டு அடி எடுத்து வைத்து எண்ணிப் பார்த்து, சுவரில் கோடு போட்டாள். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.