கழுத்தில் வந்த மூச்சு

எங்கள் வார்டு மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த தொண்டை ஒன்று இருக்கிறது. நடுவில் பிளந்து திறக்கலாம். பலர் கை பட்டு நாக்கின் சிவப்பு வெளுத்துப்போய்விட்டது. முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். மூச்சுக்குழாயின் தலையில் குரல்வளை. விழுங்கும்போது சாப்பாடு அதற்குள் போய்விடாமல் கவிழ்ந்து மூட, இலை போல ஒரு மூடி. நர்ஸாக இத்தனை வருஷம் இதைத் தமிழிலும் கன்னடத்திலும் அரைகுறை உருதுவிலும் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் கட்டிக்கொள்கிறது. நோயாளியின் வீட்டார் எதையும் காதில் வாங்குவதில்லை, பிழைப்பாரா என்று மட்டும் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓசூர் ரோடு நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்பும் எனக்கும் பல நாள் யாரோடும் பேசத் தோன்றுவதில்லை.

என் மாமனாருக்கும் இந்த மேசையில் வைத்து நான்தான் சொன்னேன். அவர் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பாறையைத் துளைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கத்திப் பேசியே பழகியவர். சுரங்கத்தை மூடிய பிறகு பொம்மனஹள்ளிக்குக் குடிவந்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். சுரங்கம் போனதே தவிர சத்தம் போகவில்லை. ஊரில் இருக்கும் அக்காவிடம் பேச இவருக்குப் போன் எதற்கு, வாசலில் நின்று கூப்பிட்டாலே கேட்குமே என்று என் மாமியார் கிண்டல் செய்வார். அத்தையின் வாயும் லேசுப்பட்டதல்ல. இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் டிவியை அணைத்துவிட வேண்டியதுதான்.

முதலில் குரல் கம்மியது. சளி என்று எல்லோரும் சொன்னார்கள், மிளகுக் கஷாயம் கொடுத்தார்கள். பிறகு பரிசோதனையில் புற்று என்று தெரிந்தது. குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டு, மூச்சுக்குழாயைக் கழுத்தின் முன்பக்கம் திருப்பித் துளை வைத்துத் தைத்துவிடுவார்கள். அதன் பிறகு வாய் சாப்பிட மட்டும்தான், மூச்சு கழுத்து வழியாக. டாக்டர் சொன்னபோது தலையாட்டியவர், அவர் போன பிறகு பிளாஸ்டிக் குரல்வளையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சிரிச்சா சத்தம் வருமாம்மா?” என்று கேட்டார்.

“வராது மாமா.”

“சரி, எடுக்கச் சொல்லு. உங்க அத்தை இருக்கா இல்ல, அவ பேசுவா ரெண்டு பேருக்கும்.”

அப்படியேதான் நடந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு சூடான டீயை ஊத முடியாது, வாயில் காற்றே இல்லை. அத்தை ஆற்றிக் கொடுப்பார். மூக்கு வழியாக மூச்சு போகாததால் வாசனையும் தெரியாது. குழம்பு தீய்ந்தாலும் எதிரே உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படிப்பார். குளித்ததும் கழுத்து நிறையப் பவுடர் கொட்டிக்கொள்ளும் பழக்கத்தை விடவைக்கத்தான் நான் பெரும்பாடு பட்டேன், அது நேராக நுரையீரலுக்குப் போய்விடும். துளையை மறைத்துக் கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டிக்கொள்வார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவியை ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டார். கையசைவைப் பார்த்தே அத்தை அவருக்காகப் பேசுவார். தப்பாகச் சொன்னால் அவர் தன் தொடையில் தட்டி மறுப்பார். அதற்கும் சேர்த்து அத்தை சண்டை போடுவார். இப்படிச் சில வருஷங்கள் ஓடின. நன்றாகத்தான் இருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு காலையில் அத்தை சமையலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. மதியத்துக்குள் தங்கவயலிலிருந்து உறவுகள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஜனங்களில் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் தெருமுனையிலேயே குரல் எடுத்துவிடுவார்கள். கட்டிப்பிடித்து, செத்தவரின் பெருமையைச் சொல்லிச் சொல்லி அழ வேண்டும். யார் எப்படி அழுதார்கள் என்பது வருஷக்கணக்கில் பேசப்படும். மாமனார் அத்தையின் தலைமாட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் சுவரைப் பார்த்து இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட இல்லை. கட்டிப்பிடிக்க வந்தவர்கள் கொஞ்சம் தயங்கி நகர்ந்துபோனார்கள்.

அவருடைய அக்கா மட்டும் நகரவில்லை. ஆபரேஷன் ஆனது அவருக்கும் தெரியும். பேச்சுதான் போய்விட்டது, அழுகைக்கு என்ன வந்தது என்று நினைத்திருக்கிறார். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்:

“கட்னவ போய்ட்டா. ஒரு சத்தம் வருதா பாரு இவனுக்கு. கல்லு மனசு.”

மாமனார் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவருக்காகப் பதில் சொல்கிறவர் கீழே படுத்திருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் மூச்சுக்குழாய், குரல்வளை என்று அந்த வீட்டில் நின்று விளக்கம் சொல்ல உடம்பில் தெம்பில்லை. அந்த அக்காவின் கையைப் பிடித்து இழுத்துத் தம்பியின் கழுத்துத் துணிக்கு முன்னால் வைத்தேன். துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் நிற்கும், பிறகு கேவல் கேவலாகச் சூடான மூச்சு வெளியே வரும்.

“அழறாரு. இதான் அவரு அழுவுறது.”

அக்கா கையை எடுக்கவில்லை. அப்படியே நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, இன்னொரு கையால் தம்பியின் முழங்காலைக் கட்டிக்கொண்டார். உள்ளங்கையில் மூச்சு மோதும்போதெல்லாம் தலையைத் தூக்கி ஓங்கி அழுதார். மூச்சு நின்றபோது நிறுத்தி, அடுத்தது வரும்வரை காத்திருந்தார்.