பெட்டியில் வைத்த சப்பாத்து

அன்று பினாங்கில் பத்து பெரிங்கி என்ற கடற்கரையில் இருந்தவர்கள்:

என் மனைவி. பார்க்க வந்தவள்.

அவள் தம்பி, என் மச்சான். காரில் எங்களைக் கொண்டுவந்து விட்டவன்.

பாய். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மூன்று வருடமாக என்னோடு ஓடியவர். அந்த வருடம் முழங்கால் வீங்கிப் போட்டியில் சேரவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்.

அப்புறம் நான்.

போட்டி மூன்று சேர்ந்தது. கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், பிறகு நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. எல்லாம் நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஒரு வினாடி தாண்டினாலும் முடிக்காதவன் கணக்குத்தான்.

எனக்கு அது மூன்றாவது தடவை. முதல் தடவை இருபத்தொரு நிமிடம் தாமதம். இரண்டாவது தடவை ஓட்டத்தில் எட்டாவது கிலோமீட்டரில் விழுந்தேன். கண் திறந்தபோது ஆம்புலன்சில் படுத்திருந்தேன். கையில் ஊசி ஏறியிருந்தது. எதிரில் என் மனைவி. அழவில்லை. காலிலிருந்து கழற்றிய என் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று நாள் கழித்துச் சொன்னாள்.

"இன்னும் ஒரு தடவ போங்க. நான் வேணாம்னு சொல்லல. அதுலயும் டைமுக்குள்ள வரலன்னா சைக்கிள் இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

"சரி" என்றேன்.

ஒரு வார்த்தைதான். ஆனால் சொல்லிவிட்டேன்.

நான் பிறை என்ற ஊரில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறேன். ஓட ஆரம்பித்தது டாக்டரால். இனிப்பு நீர் நோய் வரப் போகிறது, தினம் நட என்றார். போலோ திடலைச் சுற்றி நடந்தேன். ஒரு நாள் மழை வந்தது. காருக்கு ஓடினேன். மழை நின்ற பிறகும் ஓடிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அப்போது பத்து கிலோமீட்டருக்கு எனக்கு எண்பத்தெட்டு நிமிடம் ஆனது. ஒரு வருடத்தில் எழுபத்தாறு. அடுத்த வருடத்தில் அறுபத்தைந்து. நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வைப்பேன். சைக்கிள் மிதித்த பிறகு ஓடினால் எழுபத்திரண்டுக்குக் கீழே வரவே இல்லை. கால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். என் கவலை எப்போதும் அந்த ஓட்டம்தான். நீச்சலும் சைக்கிளும் எப்படியாவது போய்விடும்.

இனி சப்பாத்துக்கு வருகிறேன்.

முதல் போட்டிக்கு முன்பே ஒரு நல்ல சப்பாத்து வாங்கினேன். மலிவு விற்பனையில் கிடைத்தது. எடை இல்லை. கையில் வைத்தால் பஞ்சு மாதிரி. வீட்டுக்கு வந்ததும் மனைவி அதன் நாக்கில் மஞ்சள் தடவினாள்.

"சப்பாத்துக்கு யாராச்சும் மஞ்சள் வைப்பாங்களா?"

"புதுசு எதுவா இருந்தாலும் வைக்கணும். நல்ல நாள் பாத்துப் போடுங்க."

எங்கள் வீட்டில் அப்படித்தான். புதுச் சட்டை தீபாவளி வரைக்கும் மடிப்புக் கலையாது. புதுத் தட்டு விருந்தாளி வரும் வரைக்கும் தாளில் சுற்றி இருக்கும். சப்பாத்துப் பெட்டியை அலமாரி மேல் வைத்தேன்.

முதல் போட்டிக்கு முந்திய நாள் நல்ல மழை. ரோடெல்லாம் தண்ணீர். புதுசை நனைக்க மனசு வரவில்லை. பழையதைப் போட்டேன். இரண்டாவது போட்டிக்குப் பயிற்சி போதவில்லை. எப்படியும் தோற்கப் போகிற போட்டிக்கு எதற்குப் புதுசு என்று பழையதையே போட்டேன். பெட்டி அலமாரி மேலேயே இருந்தது. நாலு வருடம். எப்போதாவது இறக்கி, துடைத்து, போட்டுக்கொண்டு ஹாலில் இரண்டு சுற்று நடந்துவிட்டு மறுபடி உள்ளே வைப்பேன்.

மூன்றாவதுதான் கடைசி. இதைவிட நல்ல நாள் வராது. பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

விடிவதற்குள் கடற்கரைக்குப் போய்விட்டோம். சைக்கிளைக் கம்பியில் மாட்டினேன். பக்கத்தில் துண்டை விரித்து ஹெல்மெட், தொப்பி, சப்பாத்து வரிசையாக வைத்தேன். பாய் வந்து பார்த்தார்.

"என்னண்ணே இது, புதுசா? ரேஸ் அன்னைக்கா புதுசு போடுறது?"

"வீட்டுல போட்டுப் பாத்துட்டேன்."

"வீட்டுலயா? அண்ணே, ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடக்குறது ரேஸ் இல்லலா."

மச்சான் சிரித்தான். "பாய், மாமா அதுக்குப் பொறந்த நாள் கேக்கே வெட்டிருப்பாரு. நாலு வயசு ஆச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.  இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய் வந்தேன். மூன்றாவது தடவை வரிசை நீளமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

மனைவி ஒரு பை வைத்திருந்தாள். ஈரத் துண்டு, குளுக்கோஸ், கத்தரிக்கோல், என் மருத்துவ அட்டை.

"எங்க நிப்ப?" என்று கேட்டேன்.

"ஆம்புலன்ஸ் பக்கத்துல."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அங்கேதான் போய் நின்றாள்.

மூன்று குழுவாகக் கடலில் இறக்கினார்கள். ஒரு குழு இறங்கிக் கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது. நான் கடைசிக் குழு. சொன்ன நேரத்துக்கு எதுவும் தொடங்கவில்லை. நாங்கள் இறங்கியபோது ஏழு நாற்பது வாக்கில் இருக்கும். என் கணக்கில் பதினொன்று நாற்பதுக்குள் வந்தாக வேண்டும்.

கடல் கலங்கல். கை தெரியவில்லை. ஒருவன் காலால் என் நீச்சல் கண்ணாடியை உதைத்தான். சரிசெய்துகொண்டு நீந்தினேன். கரை ஏறியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளே ஆவி படிந்திருந்தது. ஒரு எண்ணும் தெரியவில்லை.

அதிலிருந்து எனக்கு நேரம் தெரியாது.

சைக்கிளில் போகும்போது அதுதான் மண்டையில் ஓடியது. வேகமாகப் போகிறேனா, மெதுவாகப் போகிறேனா? மேட்டில் என்னைத் தாண்டிப் போனவர்கள் அதிகம். எண்ணினேன். பதினேழு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.

சைக்கிளை மாட்டிவிட்டு அங்கே நின்ற தொண்டர் ஒருவரிடம் மணி கேட்டேன். பத்து இருபத்தாறு. அப்படியென்றால் எழுபத்துநாலு நிமிடம் இருக்கிறது. என் கால் கேட்பது எழுபத்திரண்டு.

சப்பாத்தை மாட்டினேன். ஓடினேன்.

முதல் மூன்று கிலோமீட்டர் நன்றாகவே போனது. சப்பாத்து இருப்பதே தெரியவில்லை. வெயில் ஏறிவிட்டது. தார் ரோடு சுட்டது. நாலாவது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சத்தம். டப், டப். பின்னால் யாரோ சிலிப்பர் போட்டுக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். திரும்பினேன். யாரும் இல்லை.

என் வலது கால்தான். அடிப்பாகம் நுனியில் வாய் பிளந்திருந்தது. பத்தடி போவதற்குள் பாதி வரை கழன்று தொங்கியது. இடதிலும் குதிகால் பக்கம் விட ஆரம்பித்திருந்தது.

பசை செத்துவிட்டது. நாலு வருடம் பினாங்கு வெக்கையில் பெட்டிக்குள் கிடந்து செத்துவிட்டது. வேலை இடத்தில் ஸ்டோரில் புது ரப்பர் வளையங்கள் இருக்கும். தேதி தாண்டினால் ஒரு தடவைகூடப் போடாததாக இருந்தாலும் எடுத்து வீசிவிடுவேன். பயன்படுத்தாத ரப்பர்தான் முதலில் கெடும் என்று புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான்.

வலதைக் கழற்றினேன். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று நினைத்தேன். விசில் சத்தம் கேட்டது. நடுவர் மோட்டாரில் வந்து நின்றார். மலாயில் சொன்னார். சப்பாத்து இல்லாமல் ஓடினால் வெளியே.

மறுபடி மாட்டினேன். நடந்தேன். டப், டப்.

அப்போது பாய் வந்தார். ரோட்டோரமாக மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். நொண்டிக்கொண்டே ஓடினார். கையில் அவருடைய சிலிப்பர்.

"போடுங்கண்ணே! என் சைஸ்தான் ஒங்களுக்கும்! போட்டுட்டு ஓடுங்க!"

"பாய், வேணாம். கிட்ட வராதீங்க."

"என்ன வேணாம்? காலு வெந்துரும்!"

"வெளி ஆள்கிட்ட வாங்குனா தூக்கிருவாங்க. அங்க நிக்கிறாரு பாருங்க."

பாய் திரும்பி நடுவரைப் பார்த்தார். நடுவர் எங்கள் இருவரையும் பார்த்தார். சின்ன நோட்டை எடுத்தார். என் நெஞ்சில் இருந்த எண்ணைப் பார்த்தார். எதையோ எழுதினார். போய்விட்டார்.

"நான் ஒண்ணும் குடுக்கலயே! அவரு ஒண்ணும் வாங்கலயே!" என்று பாய் அவர் பின்னால் கத்தினார். வெறுங்காலோடு ரோட்டில் நின்றதால் ஒரு கால் மாற்றி ஒரு கால் தூக்கிக்கொண்டே கத்தினார்.

என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. மீதி தூரம் முழுக்க அந்த நோட்டுத்தான் கண்ணில் நின்றது.

கொஞ்ச தூரத்தில் தண்ணீர் கொடுக்கும் மேசை இருந்தது. தண்ணீர் கொடுப்பவர்கள் போட்டி ஆட்கள். அவர்களிடம் வாங்கலாம். அங்கே ஒரு மலாய் அக்கா குப்பைப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு ராஃபியா, பிளாஸ்டிக் நார்க் கயிறு. காலைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். நாலு முழம் அறுத்துக் கொடுத்தார். நான் கட்டினேன். பாதத்தைச் சுற்றி மூன்று சுற்று, கணுக்காலில் ஒரு முடிச்சு. தொழிற்சாலையில் உடைந்த குழாயைத் தற்காலிகமாகக் கட்டுகிற மாதிரி. இடதுக்கும் கட்டினேன்.  முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

மணி கேட்டேன். பத்து ஐம்பத்தேழு என்றார். இன்னும் ஆறு கிலோமீட்டர். நாற்பத்துமூன்று நிமிடம்.

ஓடினேன்.

ராஃபியா ஓட ஓட இறுகும். இறுகி அறுக்கும். ஆறாவது கிலோமீட்டரில் வலது கணுக்காலில் எரிந்தது. ஏழாவதில் எரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எட்டாவது கிலோமீட்டரில் போன தடவை விழுந்த இடம் வந்தது. அதே ஆங்சானா மரம். நிழலைப் பார்க்கக் கூடாது என்று ரோட்டைப் பார்த்தேன். தலைக்குள் லேசாகச் சுற்றியது. தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். அது சப்பாத்துக்குள் இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் சளக் என்றது. நடக்கலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். நடந்தால் நடந்ததுதான், மறுபடி ஓட வராது. நடக்கவில்லை.

ஒருவரிடம் மணி கேட்டேன். காதில் விழவில்லை போல. அதன்பின் யாரையும் கேட்கவில்லை.

முடிவுக் கோட்டில் பெரிய கடிகாரம். அது முதல் குழுவுக்கு ஓடுகிற கடிகாரம். நான் தாண்டும்போது நாலு மணி எட்டு நிமிடம் ஐம்பது வினாடியைத் தாண்டியிருந்தது. எங்கள் குழுவை எத்தனை நிமிடம் கழித்து இறக்கினார்களோ அதைக் கழிக்க வேண்டும்.

மனைவி ஆம்புலன்ஸ் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். சிவப்புக் கயிறு எது, ரத்தம் எது என்று தெரியாமல் குனிந்தாள்.

"இது என்னங்க?"

"கயிறு."

"டைம் என்ன?"

"தெரியல."

மச்சான் வந்தான். "பத்து நிமிஷம் கழிங்க மாமா. குழுவுக்குக் குழு அஞ்சு அஞ்சு நிமிஷம். மைக்ல சொன்னான். நான் கேட்டேன்."

பாய் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். "மைக்ல சொல்லுவான். விட்டது நாலு நாலுதான். நான் போன்ல பாத்துட்டு நின்னேன். எட்டு நிமிஷம்தான் கழிக்கணும்."

"சும்மா இருங்க பாய்."

"நான் என்னடா பொய்யா சொல்றேன்?"

பத்து என்றால் வந்துவிட்டேன். எட்டு என்றால் இல்லை. அதோடு அந்த நோட்டு வேறு.

மனைவி கீழே உட்கார்ந்தாள். பையில் இருந்த கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினாள். ஈரத் துண்டைக் காலில் சுற்றினாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். 

"வரலன்னா வித்துடுறேன்" என்றேன்.

"இப்பப் பேசாதீங்க."

முடிவுகளைத் தாளில் அடித்துப் பலகையில் ஒட்டுவார்கள். அரை மணி நேரம் ஒட்டவில்லை. மச்சான் இரண்டு தடவை போய்ப் பார்த்து வந்தான். முதல் தாள் வந்தது. அதில் நான் இல்லை. இரண்டாவது வந்தது. அதிலும் இல்லை. வெளியேற்றப்பட்டவர்களுக்குத் தனித் தாள் ஒட்டினார்கள். பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தார். திரும்பி எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். அதில் இல்லை என்று அர்த்தமா, என்ன செய்வது என்று அர்த்தமா என்று அங்கிருந்து தெரியவில்லை.

மூன்றாவது தாளை ஒட்ட ஒரு பெண் வந்தாள். என் மனைவி எழுந்து போனாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தாள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் விரல் நின்றது.  பிறகு என் பக்கம் திரும்பாமல், பலகையைப் பார்த்தபடியே சத்தமாகப் படித்தாள்.

மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி.