துணைக்கு ஒரு கட்டில்

போன கிழமை நிசார் வந்தார். கிண்ணியாக்காரர், காப்புறுதி ஏஜன்ட். ஃபெரி பிந்தியதால் வெயிலில் காய்ந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து என் தையல் கடைக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கேள்வி.

"அக்கா, பொலிசியைப் புதுப்பிக்கிற நேரம் வந்திட்டு. போன மாசம் ஒப்பரேஷனுக்கும் பாவிச்சுப் பாத்திட்டீங்க. ஏதும் குறை இருந்தாச் சொல்லுங்க, மேலிடத்துக்கு எழுதிப் போடுறன்."

கையில் இருந்த ஸ்கூல் யூனிஃபோர்முக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே யோசித்தேன். குறையா? இருக்கிறது... ஆனால் அதை எப்படிச் சொல்வது?

வழக்கமாக இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படிப்பவர்களுக்கு எங்கள் நிலைமை தெரியும். எனக்குத் தையல். என் கணவர் சபேசனுக்கு ஃபிரிட்ஜ் திருத்தும் வேலை. திருகோணமலைப் பாலையூற்றில் ஒரே வீட்டின் முன் அறையில் இரண்டு தொழில்கள். மெடிக்கல் லீவு கிடையாது, பென்ஷன் கிடையாது. ஒருவர் படுத்தால் மற்றவர் ஓடவேண்டும். இருவரும் படுத்தால்? அதை நினைக்காமல் இருப்பதுதான் எங்கள் ஆரோக்கியத்தின் இரகசியம்.

ஆஸ்பத்திரி இலவசம்தானே, பிறகெதற்குக் காப்புறுதி என்று நீங்கள் கேட்கலாம். இலவசம்தான். ஆனால் சில ஒப்பரேஷன்களுக்குக் கொழும்புக்குத்தான் எழுதித் தருவார்கள். அங்கே இன்றைக்குப் பரிசோதனை, அடுத்த மாதம் ரிப்போர்ட், அதற்கும் அடுத்த மாதம் திகதி. உத்தியோகத்தர் லீவு போட்டுவிட்டுப் போவார். நாங்கள்? ஒவ்வொரு தடவையும் கடையைப் பூட்டி, சோதனைச் சாவடிக்குச் சாவடி பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைத் திறந்து, மூடி, மறுபடி ஏறி... ஒரே தடவையில் போய் முடித்துக்கொண்டு வரவேண்டும். அதற்குப் பிரைவேட் ஆஸ்பத்திரி. அதற்குக் காப்புறுதி.

இரண்டு வருடத்துக்கு முன் நிசார் இரண்டு பொலிசிகளைக் கொண்டுவந்து என் வெட்டு மேசையில் விரித்தார். ஒன்று பெரியது. இருதயம், சிறுநீரகம், ஈரல் என்று உடம்பில் உள்ள எல்லா உறுப்புக்கும் அதில் மரியாதை இருந்தது. மற்றது சின்னது, பாதிக்கும் குறைவான நோய் வருத்தங்களுக்குத்தான். தவணைக் காசு மட்டும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று.

"யோசிக்க என்ன இருக்கு? பெரிசை எடுங்க அக்கா" என்றார் நிசார்.

நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன். "தம்பி, வருத்தக்காரருக்குத் துணையாப் போறவர் எங்க படுக்கிறது?"

நிசார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துணைக்குப் போறவரா? அவருக்கு வருத்தம் இல்லைத்தானே அக்கா?"

அவருக்கு வருத்தம் இல்லை. அதுதான் பிரச்சினை! வருத்தமுள்ள தமிழருக்குக் கொழும்பில் ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைக்கும். வருத்தமில்லாத தமிழருக்கு லொட்ஜ். லொட்ஜில் பதிவு, பொலிஸில் பதிவு, ஏன் வந்தாய், எப்போது போவாய்... அடையாள அட்டையில் திருகோணமலை என்று இருந்தால் கேள்வி இன்னும் நீளும்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன் சபேசன் ஒருமுறை ஃபிரிட்ஜ் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போனார். தங்கியிருந்த லொட்ஜில் பொலிஸ் சுற்றிவளைப்பு. பையில் இருந்த செப்புக் குழாயும் வயரும் எதற்கு என்று கேட்டார்களாம். ஃபிரிட்ஜுக்கு என்றால் யார் நம்புகிறார்கள்? பொலிஸில் அடைத்துவைத்து மூன்றாம் நாள்தான் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் குளித்தார், சாப்பிட்டார், அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு சாமான்கள் எல்லாம் லொறிக்காரரிடம் சொல்லியனுப்பித்தான் வரும். (இதற்கு மேல் எழுதினால் ஆசிரியர் கத்தரிக்கோலை எடுப்பார். கத்தரிக்கோல் என் தொழில். அதை அவரிடம் கொடுக்க விருப்பமில்லை.)

"சின்னதில தனி ரூம் அக்கா. துணைக்கு ஒரு கட்டில் போடுவாங்க. பெரிசில நாலு பேர் இருக்கிற ரூம். பாக்கிற நேரம் முடிஞ்சா ஆக்களை வெளியில அனுப்பிடுவாங்க" என்றார் நிசார்.

"அப்ப சின்னது."

"நான் எத்தனையோ பேருக்குப் பொலிசி போட்டுக் குடுத்திருக்கன். ஒருத்தரும் கட்டிலைப் பத்திக் கேட்டதில்லை" என்று தலையைச் சொறிந்தார்.

சபேசனுக்கும் கோபம். "நீர் என்ன, ஹோட்டலோ பாக்கிறீர்? ஈரலுக்கு ஒண்டு வந்தா என்ன செய்யிறது?"

காரணத்தை அவருடைய முகத்துக்கு நேரே சொல்ல என்னால் முடியவில்லை. எனக்குத் தனி ரூம்தான் வசதி என்று பிடிவாதக்காரியாகவே இருந்துவிட்டேன்.

எடுத்து ஒரு வருடம் கழியும்வரை பெண்களின் வருத்தங்களுக்கு ஒரு சதமும் கிடையாது என்பது பொலிசியின் விதி. என் கர்ப்பப்பை நல்ல பிள்ளை. வருடம் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் ஒரு கட்டியை வளர்த்தது. போன மாதம் கொழும்பில் ஒப்பரேஷன். என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய இரும்புக் கட்டில் போட்டார்கள். சபேசனின் கால்கள் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. படுத்தவுடன் குறட்டை. தையல் போட்ட வயிறு நோக நோக, அந்தக் குறட்டையைக் கேட்டு நான் நிம்மதியாகப் படுத்திருந்தேன்.

அடுத்த நாள் காலையில் கதவடியில் ஒரு அம்மா வந்து நின்றார். ஒரு கையில் சேலைன் கம்பி, மறு கையால் சுவரைப் பிடித்தபடி. திரியாயிலிருந்து வந்தவர், பித்தப்பையில் கல். எதிரே உள்ள நாலு கட்டில் அறை. மகன் படகு எஞ்சின் திருத்துபவராம் — எங்களைப்போலச் சொந்தக் கையால் பிழைப்பவர். புத்தியுள்ள பிள்ளை, பெரிய பொலிசி எடுத்திருந்தார்.

"தம்பி, என்ட மகனைக் கண்டனீங்களோ? விடியத் தேத்தண்ணி கொண்டாறன் எண்டு சொல்லிப்போட்டு லொட்ஜுக்குப் போனவன். இன்னும் காணேல்லை."

சபேசனின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. ஷேர்ட்டை எடுத்துப் போடத் தொடங்கினார்.

"இஞ்சருங்கோ, எங்க வெளிக்கிடுறியள்?"

"பொலிஸுக்கு."

போகவேண்டாம் என்று சொன்னேன். அந்த அம்மா நின்று கேட்டுக்கொண்டிருக்க, வெட்கமில்லாமல் சொன்னேன். இவர் அங்கே போகக்கூடாது என்பதற்காகத்தானே நான் ஈரலையும் இருதயத்தையும் விட்டுக்கொடுத்துக் கட்டிலை வாங்கினேன்? இப்போது அதிலிருந்து எழும்பி, தானாகவே அங்கே போகிறேன் என்கிறாரே!

சபேசன் பொத்தானைப் பூட்டியபடி மெல்லச் சொன்னார். "அண்டைக்கு உள்ள இருந்து நானும் வாசலைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். எனக்கெண்டு ஒருத்தரும் வரேல்லை."

இத்தனை வருடத்தில் அதைப்பற்றி அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டு, தாய் இங்கே நோயாளி, மகன் துணைக்கு வந்தவர் என்று ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அன்று பகல் எனக்கு எப்படிப் போனது என்று எழுத ஏலாது. கதவைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், மறுபடி கதவைப் பார்த்தேன். எழும்பி நடக்கவும் முடியாது, படுத்திருக்கவும் முடியாது. பிரஷர் ஏன் ஏறியிருக்கிறது என்று டொக்டர் கேட்டார். வயிறு நோகிறது என்று பொய் சொன்னேன். காப்புறுதியில் எத்தனையோ வருத்தங்களுக்குப் பெயர் இருக்கிறது. இதற்கு இல்லை.

பொழுதுபடும்போது இருவரும் வந்தார்கள். அந்தப் பெடியன் தாயின் காலடியில் போய் உட்கார்ந்தான். எங்கே போனாய் என்று தாய் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சபேசனைக் கண்டதும் எனக்கு அழுகை வந்தது. தையல் நோகும் என்பதால் அதையும் பாதியில் நிறுத்தவேண்டியிருந்தது.

பார்வை நேரம் முடிந்தது. இனி அவன் எங்கே படுப்பது? மறுபடி லொட்ஜா? சபேசன் என்னைக் கேட்கவில்லை. பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்து தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, தான் கீழே துவாயை விரித்தார்.

மிஸ்ஸி மருந்து கொண்டுவந்தார். கட்டிலில் ஒருவர், தரையில் ஒருவர். "இது யார்?" என்றார் அரைகுறைத் தமிழில்.

"தம்பி" என்றார் சபேசன்.

"ரெண்டு பேர் ஏலாது." பெடியனின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். காலையில் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவரே அவர்தான். "டொக்டர் வர முதல் ஒரு ஆள் வெளியே போகணும், சரியா?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

தாய் வீடு திரும்பும்வரை அவன் எங்கள் ரூமில்தான் படுத்தான். தரையில் சபேசனின் குறட்டை வேறு சுருதியில் வந்தது.

"என்ன அக்கா, குறை ஒண்டும் இல்லையா?" நிசார் பேனையோடு காத்திருந்தார்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னேன். "ஒண்டு இருக்கு தம்பி, எழுதிக்கொள்ளுங்கோ. துணைக்கு ஒரு கட்டில் காணாது, ரெண்டு வேணும்."