அடுத்த வீட்டில் பலகை எரிப்பவர்

கொடியில் காய்ந்த என் வெள்ளைச் சட்டையில் புகை மணத்தது. மெல்பேர்னின் கிளென் வேவர்லியில், மின்னடுப்பில் சமைக்கும் வீட்டில், அந்த மணத்துக்கு இடமே இல்லை. மூன்றாவது சனிக்கிழமையும் அப்படி மணக்கவே, கதிரையொன்றை வேலியோரம் வைத்து ஏறிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டை அப்போதுதான் வாங்கியிருந்தவர் கென்ஜி என்ற ஜப்பானியர். தச்சர், தனியாள். மூன்று நீளப் பலகைகளை முக்கோணக் குழாய்போலக் கம்பியால் கட்டி நிமிர்த்தி, அடியில் பத்திரிகைத் தாளைச் செருகிக் கொளுத்தினார். உள்ளே தீ இரைந்துகொண்டு ஏறி, உச்சியால் வெளியே வந்தது. சில நிமிடங்களில் கம்பியை வெட்டிப் பலகைகளைப் புல்லில் விரித்துத் தண்ணீர் ஊற்றினார். நல்ல புதுப் பலகைகள், ஒரு பக்கம் முழுக்கக் கரியாகிக் கிடந்தன. அவர் அவற்றைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என்ன செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவருக்கு ஆங்கிலம் குறைவு. தன் வீட்டைக் காட்டி, "ஹவுஸ். பேர்ன். வெரி குட்," என்றார்.

"காப்புறுதிக் காசுக்கு வீட்டைக் கொளுத்தப் பழகுறான்," என்று மனைவியிடம் சொன்னேன்.

வாசுகி கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு ஆரிலதான் சந்தேகம் இல்லை? வடிவாக் கேட்டனீங்களே?"

"கேட்டனான். வீட்டை எரிக்கிறது நல்லது எண்டு அவரே சொல்லுறார்."

என் சந்தேகத்தைப் பற்றி அவள் சொன்னது பொய்யில்லை. எண்பத்து மூன்று யூலையில் நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் படலையில் பெயர்ப்பலகை கிடையாது. வாசுகி பொட்டு வைப்பதைக்கூட நிறுத்தியிருந்தாள். ஆனாலும் தமிழர் வீடுகளைத் தேடி எரித்த கும்பல் வேறெந்த வீட்டிலும் நிற்காமல் நேரே எங்களிடம் வந்தது. பின்மதிலால் குதித்துத் தப்பினோம். வீடு எரிந்து முடிந்தது. யாரோ எங்களைக் காட்டிக் கொடுத்திருந்தார்கள். முன்வீட்டு ஆசிரியரா, மூலைக்கடைக்காரரா, தினமும் பேப்பர் போடுகிறவரா? இந்தப் பதினான்கு வருடமாக ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துவிட்டேன். விடை கிடைக்கவில்லை, சந்தேகம் மட்டும் பழக்கமாகிவிட்டது. அகதி முகாமைவிட்டு வந்தேன், நாட்டைவிட்டு வந்தேன், அது மட்டும் கூடவே வந்தது.

திங்கட்கிழமை மதியம் அலுவலகத் தொலைபேசியிலிருந்து நகரசபையைக் கூப்பிட்டேன். என் பெயரைச் சொல்ல மறுத்தேன். தெருவைச் சொன்னேன். "நம்பர் செவன்ரீன்," என்று அவருடைய இலக்கத்தைச் சொன்னபோது என் குரல் தானாகத் தணிந்தது. ரிசீவரை வைத்த பிறகும் கையை எடுக்க முடியவில்லை. எங்கள் இலக்கத்தையும் ஒருவர் இப்படித்தான், குரலைத் தணித்துத்தான், சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை அதிகாரியொருவர் வந்தார். நான் திரைச்சேலைக்குப் பின்னால் நின்றேன். அவர் தண்ணீர்க்குழாயைப் பார்த்தார், கரிப்பலகையைத் தடவினார், கைகொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கென்ஜி அந்தப் பலகைகளைத் தன் பக்கச் சுவரில் அறைந்துகொண்டிருந்தார். வெயில் பட்டபோது அந்தக் கறுப்பு காகச்சிறகு போல மினுங்கியது. அழகாகவே இருந்தது. என்னைக் கண்டதும் கூப்பிட்டார். ஒரு வெறும் பலகைச் சீவலில் நெருப்புக்குச்சியைப் பிடித்தார். பற்றிக்கொண்டது. கரிப்பலகையில் பிடித்தார். குச்சி எரிந்து முடிந்ததே தவிரப் பலகை பற்றவில்லை. பிறகு மழையைக் கையாலும் கறையானை விரல்களாலும் நடித்துக் காட்டி, இவை அண்டாது என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவருடைய நாட்டில் வீட்டைக் காப்பதற்காகப் பலகையை முதலே எரித்து விடுகிறார்களாம்.

"நகரசபைக்குச் சொன்னது நான்தான்," என்றேன்.

"ஐ நோ," என்றார் ஆணியைத் தேடியபடி. "ஆபிசர் ரெல் மீ. வொய்ஸ், இந்தியன் மேன்."

"நான் இந்தியன் இல்லை. சிறீலங்கன்." மன்னிப்புக்கு முன்னால் அதுதான் என் வாயிலிருந்து வந்தது.

"ஓ. சொரி," என்று குனிந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், கேட்டவர் அவர்.

வீட்டுக்கு வந்து வாசுகியிடம் சொன்னேன். "அப்ப, எங்களைக் காட்டினவனும் பயத்திலதான் காட்டியிருப்பானோ?" என்றாள். "தெரியேல்லை," என்றேன்.

அடுத்த கிழமை முன்பக்கச் சுவருக்கான வேலை. முன்புல்வெளியில் வைத்தே எரித்தார். பலகைக் கட்டை நிமிர்த்திப் பிடிக்க நான் போனேன். தீ இரைந்து ஏறியது. என் கால்கள் பின்வாங்கப் பார்த்தன, ஆனாலும் நான் பிடியை விடவில்லை. அப்போது தெருவில் ஒரு கார் வேகம் குறைந்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒரு பெண் எங்களைப் பார்த்தாள். இரண்டு கறுத்த தலைகள், நடுவில் நெருப்பு. அவளுடைய நெற்றிச் சுருக்கம் எனக்குத் தெரிந்த சுருக்கம். கையில் சூடேறிய பலகையோடு புல்வெளியில் நின்றபடியே, அவளுடைய இருக்கையிலிருந்தும் நான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.