அண்ணனும், பட்டாளத்தில் காணாமல் போன எங்கள் அப்பாவும்

அண்ணனின் பதினாறாம் நாளுக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் கரமனைக்காரர்களுக்கும் தங்கை சொல்லிக்கொள்வது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் செல்வி எழுதுகிறாள். சொல்வதைத்தான் எழுதுகிறாளா என்று எனக்குச் சந்தேகம். அதனால் பத்திக்குப் பத்தி திரும்பப் படிக்கச் சொல்கிறேன். அவளுக்குக் கோபம் வருகிறது, வரட்டும். என் பேச்சு அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் இன்று காப்பி கூட ஒரு டம்ளர் அதிகம்.

அண்ணன் பிறந்தது கரமனை ஆற்றுப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில். அப்பாவுக்குத் தம்பானூரில் ஓட்டல் வேலை. பெரிய யுத்தம் வந்தபோது பட்டாளத்தில் சேர்ந்து ரயிலேறினார். அண்ணனுக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. நான் அம்மா வயிற்றில். கொஞ்ச காலம் மணியார்டர் வந்தது. பர்மா பக்கம் இருப்பதாக ஒரு கடிதாசி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இறந்தார் என்றும் சொல்லவில்லை. அம்மா கடைசிவரை குங்குமத்தை அழிக்கவில்லை.

அம்மா அப்பளம் போட்டாள். அண்ணன் விடியலில் அதைக் கடைகளில் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடுவார். நான் வீட்டில் மாவு பிசைந்தேன். அதனால் படிப்பு அண்ணனோடு நின்றது. பத்தாம் வகுப்பு முடித்து பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்து, எனக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகுதான் அவர் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசவே விட்டார். ஒருவரையும் கடிந்து பேசமாட்டார். ரசவடை என்றால் உயிர். தம்பானூர்ப் பக்கம் போனால் பொட்டலத்தோடுதான் வருவார். எனக்கென்று வாங்கியதிலும் பாதியை வழியிலேயே தின்றிருப்பார் என்பது என் சந்தேகம். சரி, சொல்ல வந்தது வேறு.

ஆடி அமாவாசைக்கு ஊரே திருவல்லத்துக்குப் போய், செத்தவர்களுக்குப் பிண்டம் வைத்து வாவுபலி போடும். அம்மா போன பிறகு அண்ணன் அம்மாவுக்குப் போட்டார். அப்பாவுக்குப் போடவில்லை. எங்கேயோ உயிரோடு இருக்கிற மனிதருக்கு மகன் பலி போடலாமா? அந்தத் தவிப்புதான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவரைத் தேட வைத்தது.

முதலில் மக்கள்தொகைக் கணக்கு ஆபீசுக்குப் போனார். எந்த ஊரில் எத்தனை பேர் என்று சொல்வார்களாம். யார் எந்த வீட்டில் என்று சொல்ல மாட்டார்களாம். தெரிந்துகொண்டுதான் மறைக்கிறார்கள் என்றேன் நான். பிறகு பட்டாளத்து ஆபீசுக்கு எழுதினார். நம்பர் கேட்டார்கள், படைப்பிரிவு கேட்டார்கள். பழைய மணியார்டர் துண்டில் இருந்ததைப் பார்த்து எழுதினார். வருஷக்கணக்கில் எழுதினார். ஒருநாள் பதில் வந்தது. அண்ணன் அதைத் தமிழில் சொன்னார்: ‘யுத்தம் முடிந்த பின் விசாரிக்கப் போனவரிடம், ஆள் வீட்டில்தான் இருக்கிறார் என்று மனைவி சொன்னாள். ஆகவே அனுமதியில்லாமல் வீடு திரும்பியவர் என்று முடித்து, பெயர் நீக்கப்பட்டது.’

நான் சத்தம் போட்டேன்.

“கேட்டீரா அண்ணே? நம்ம அம்மை அவரக் கண்டாளா? இது வேற பொண்டாட்டி!”

“சும்மா இரிட்டி.”

“பின்ன இந்த மனைவி ஆரு? அதச் சொல்லும்.”

அண்ணன் காகிதத்தை மடித்தார், அதோடு தேடலையும் விட்டார். அப்பா உயிரோடு இருக்க முடியாத வயது ஆனபிறகும் திருவல்லத்தில் அம்மாவுக்கு மட்டும்தான் வைத்தார். நம்மை விட்டு ஓடியவருக்கு என்ன பிண்டம் என்று நானும் தூண்டிவிட்டேன். அண்ணன் மூக்கு அப்பாவின் மூக்கு என்று அம்மா சொல்வாள். கல்யாண வீட்டில் அப்படி ஒரு மூக்கைக் கண்டால் போதும், “ஒங்க தாத்தா பட்டாளமா?” என்று கேட்டுவிடுவேன். ஸ்ரீவராகத்தில் ஒரு மாப்பிள்ளையின் சித்தப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இப்படியே காலம் போனது. போன வருஷம் ஒரு பகல் நேரம். அண்ணன் என் வீட்டுக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் தோள்பையும் போனுமாக ஒரு தெரியாத ஆள்.

“அம்மச்சீ, வீட்டுக்காரன் அகத்துண்டோ?” என்றான். வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறாரா என்று மலையாளத்தில் கேள்வி.

நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, “உள்ள ஒறங்குதாரு. பொறவு வாரும்” என்றேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் தெரியாத ஆண் வந்து கேட்டால், வீட்டில் ஆள் இல்லை என்று எந்தப் பெண் சொல்லுவாள்? அது அம்மா பழக்கிவிட்டது. அந்த வரிசை வீட்டில் இரண்டு குழந்தைகளோடு தனியாக இருந்தவள். கதவைத் தட்டுகிற ஒவ்வொருவனுக்கும் இதே பதில்தான் சொல்லுவாள்.

உள்ளே அண்ணன் சிரித்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது.

“ஏட்டி, அம்மையும் இதத்தாம்ட்டி சொல்லியிருப்பா.”

“எத?”

“வந்தவன் ஆருன்னு அவளுக்குத் தெரியாதுல்லா. புருசன் உண்டான்னு கேட்டிருப்பான். உள்ள ஒறங்குதாருன்னு இவ கதவ அடச்சிருப்பா. அவன் அத அப்படியே எழுதிட்டான்.”

நான் உடனே நம்பவில்லை. “எந்த வீட்டுக்குப் போனான்னு கேட்டு எழுதும். அது வரட்டும்” என்றேன். எழுதினார். பதிலும் வந்தது. விசாரிக்கப் போனது வேறெந்த வீட்டுக்கும் இல்லை. எங்கள் கரமனை வரிசை வீட்டுக்குத்தான். அந்த விசாரணைக்கு முன்பு, பர்மாவில் ஆறு கடந்தபோது காணாமல் போனவர்களோடுதான் அப்பாவைச் சேர்த்திருந்தார்களாம். வேறு மனைவி இல்லை. அப்பா ஓடவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு அண்ணன் திருவல்லத்தில் ஈர வேட்டியோடு நின்று அப்பாவுக்கும் பிண்டம் வைத்தார். அவ்வளவு வயதில், அவ்வளவு கூட்டத்தில், யாரையும் கையைப் பிடிக்க விடவில்லை.

“பாத்தியாட்டி, காக்கா மொதல்ல அப்பாவுக்கு வச்சதத்தான் எடுத்துது” என்றார்.

“எது ஆருக்குன்னு காக்காவுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“நீ காக்காவையும் விடமாட்டியா!” என்று, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அப்படி முகம் தெளிந்து நான் அவரைப் பார்த்ததில்லை. பிறகு மூச்சுத்திணறல் வந்து படுத்தார், அதிகம் கஷ்டப்படாமல் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு எந்த நேரமும் ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டுப் பையனுக்கும், சுடுகாடுவரை வந்த டிப்போ நண்பர்களுக்கும், இந்த நாட்களில் எங்களுக்குச் சோறு பொங்கித் தந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று. எங்கள் இருவரின் கல்யாணப் பத்திரிகையிலும் அப்பாவின் பெயர் வெறுமனேதான் இருந்தது. இந்த மலரின் முதல் பக்கத்தில் அந்தப் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று போடச் சொல்லியிருக்கிறேன். போட்டிருப்பதாகச் செல்வி வாசித்துக் காட்டினாள். நான் நம்பாமல் எதிர்வீட்டுத் தமிழ் டீச்சரிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் வாசித்தாள்.