சவுதிப் பெட்டியில் வந்த தோசைக்கல்

தினை உமிக்கு ஒரு வாசனை உண்டு; காலையில் கண் விழிப்பதற்கு முன்பே மூக்கில் ஏறி நமநமவென்று அரிக்கும். அத்தா ஒவ்வொரு பறவைக் கூண்டிலிருந்தும் தீனிக் கிண்ணத்தை எடுத்து வாயருகே பிடித்து ஊதுவார், உமி பறந்து அம்மா அப்போதுதான் கூட்டி முடித்த முற்றத்தில் போய் உட்காரும், அம்மா மறுபடி கூட்டுவாள். தினையை உரித்துத் தின்றுவிட்டுத் தோலைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும் சாதி அது. கிண்ணம் நிறைந்திருக்கிறதென்று நம்பி ஊதிப் பார்க்காமல் விட்டால் பறவை பட்டினி கிடந்து சாகும். எங்கள் வீட்டில் முதலில் செத்த ஜோடி அப்படித்தான் செத்தது.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த ஆளிடம் ஸலாம் சொன்ன கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "எப்ப பயணம்?" என்பதுதான். மனிதர் வந்து இறங்கியதே திரும்பிப் போகத்தான் என்பது ஊரின் முடிவு. நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் அத்தா சவுதியை முடித்துக்கொண்டு வந்து, இனி பயணமே இல்லை என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமு, ரியாத்தில் ஒரு விசாவைச் சொல்லி வைத்திருந்தார். பறவை வளர்ப்பு பெருநாளைக்குள் கைகொடுக்காவிட்டால் அத்தா அந்த விசாவில் போகவேண்டியது என்று பேச்சு. அதுவரை லீவுக்கு வந்துபோகிற விருந்தாளியாகவே எனக்குத் தெரிந்திருந்த அத்தாவை, நோட்டுக்கு அட்டை போட்டுத் தருகிற, மோட்டார் ரிப்பேர் செய்கிற, அம்மாவிடம் திட்டு வாங்குகிற அத்தாவாக நான் கண்டுபிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. அதனால் ஒரு பறவை செத்தால் அது எனக்கு வெறும் பறவை இல்லை.

சமையல்கட்டை ஒட்டிய அறைதான் பறவை அறை. லவ் பேர்ட்ஸ் பானைகளில் முட்டையிடும். தலையில் கொண்டை வைத்த சாம்பல் நிற "காக்டெய்ல்" கிளிகள் பெட்டிகளில் குஞ்சு பொரிக்கும். இவை செத்துப்போக எத்தனை வழி இருக்கிறதென்று அந்த வருடம்தான் தெரிந்துகொண்டோம். முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டு தாய் சாகும். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த தினையைத் தின்று சாகும். பூனை ஒன்றுமே செய்யாமல் கம்பிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாலே போதும், பயத்தில் இங்கும் அங்கும் மோதிச் சாகும். எங்கள் வீட்டில் மனிதர்களுக்கு மட்டுமே சொல்கிற சொல்லை அத்தா இவற்றுக்கும் சொன்னார். "ஒண்ணு மவுத்தாயிருச்சு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே கொல்லைக்குப் போவார். நான் எழுந்துபோய் அவருடைய பாஸ்போர்ட் இருக்கும் பீரோவைப் பார்த்துவிட்டு வருவேன்.

"நோவ வெளிய காட்டவே காட்டாதும்மா இதுக" என்பார் அத்தா. "கூட்டத்துல நோஞ்சான்னு தெரிஞ்சா மத்தது கொத்திப்புடும். அதனால கடைசி வரைக்கும் நல்லா இருக்குற மாதிரியே உக்காந்துருக்கும்."

ஆனாலும் மனிதர் விடவில்லை. முட்டை அடைத்த தாய்க்கு வெதுவெதுப்பான நீராவி காட்டிப் பிழைக்கவைத்தார். அரியலூருக்கு பஸ் ஏறிப்போய்க் காய்ந்த தினையாகப் பார்த்து வாங்கி வந்தார். மார்கழிக் குளிர் குஞ்சுகளுக்கு ஆகாதென்று வெளிப்பக்க ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மூடி, அடுப்புச் சூடு வரட்டுமென்று சமையல்கட்டுப் பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்துவிட்டார். சாவு நின்றது. குஞ்சுகள் கூண்டு கொள்ளாமல் கத்தின. திருச்சியிலிருந்து ஒரு வியாபாரி, மாதாமாதம் குஞ்சுகளை எடுத்துக்கொள்கிறேன், ஒருமுறை நேரில் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினார். அம்மா அன்றைக்கே இரண்டு ரக்அத் நஃபில் தொழுதாள்.

வியாபாரி வந்த நாளில்தான் அம்மா அந்தத் தோசைக்கல்லை எடுத்தாள். அத்தா கடைசியாக வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தது. பெட்டி பிரிப்பது எங்கள் ஊரில் ஒரு விசேஷம். சோப்பும் தைலமும் அத்தரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போய்விடும், கடைசியில் ஒன்றே ஒன்று வீட்டுக்காரிக்கு மிஞ்சும். அம்மாவுக்கு மிஞ்சியது அது. எண்ணெய் விடாமலே ஒட்டாதாம் என்று வந்தவர்களிடம் காட்டுவாளே தவிர ஒருநாளும் அடுப்பில் வைத்ததில்லை. ஷோகேஸில் கண்ணாடிக் கோப்பைகளுக்கு நடுவே ராணி மாதிரி இருந்தது. நம் வாழ்க்கையே இந்த விருந்தாளி கையில் இருக்கிறது, இவருக்கு முட்டை தோசை இதில்தான் என்று முடிவு செய்திருக்கிறாள்.

அம்மாவுக்குத் தெரிந்தது இரும்புக் கல். இரும்புக் கல்லை நன்றாகக் காயவிட வேண்டும், தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓட வேண்டும். அதே மாதிரி இதையும் வெறுமனே முழுத் தீயில் காயவைத்துவிட்டு, கூடத்துக்கு டீ கொண்டுபோனாள். அங்கே வியாபாரி அவளிடமும் இரண்டு வார்த்தை பேசினார், பேச்சு நீண்டது. நான் கதவோரம் நின்று, பாஸ்போர்ட்டை இனி எங்கே ஒளித்துவைக்கலாம் என்று சந்தோஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தா பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். என்ன என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகுதான் எனக்கும் உறைத்தது, பறவை அறையில் சத்தம் குறைந்திருந்தது.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது காக்டெய்ல்கள் அலகைத் திறந்துகொண்டு, வால் ஏறி இறங்க மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. மேல் கம்பியில் இருந்த பெரிய ஆண் எங்கள் கண்ணெதிரே பொத்தென்று விழுந்தது. லேசாகக் காந்தல் வாடை இருந்ததோ என்னவோ, பெரிதாக ஒன்றும் இல்லை. அத்தா தார்ப்பாயைக் கிழித்தெறிந்தார், கூண்டுகளை ஒவ்வொன்றாக முற்றத்துக்குத் தூக்கினார். நான் என் கைக்குள் அடங்கிய ஒரு லவ் பேர்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓடினேன், வெயிலுக்கு வரும்போது அது கனமில்லாமல் கிடந்தது. அம்மா சமையல்கட்டுக்குள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். வியாபாரி அத்தாவின் தோளைத் தொட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மாலை அஸர் பாங்கு சொல்லும்போது வீட்டில் ஒரு பறவைகூட உயிரோடு இல்லை.

மறுநாள் அத்தா இரண்டு பறவைகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பெரம்பலூருக்குக் கிளம்பினார். விடமாட்டேன் என்று நானும் தொற்றிக்கொண்டேன். கால்நடை டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தார். தீனியைப் பற்றிக் கேட்பாரென்று அத்தா தினைப் பொட்டலம் வரை எடுத்துப் போயிருந்தார், அவர் கேட்டதோ அடுப்பைப் பற்றி.

"இது சீக்கு இல்லீங்க. நுரையீரல் முழுக்க ரத்தம் கட்டியிருக்கு. நான்-ஸ்டிக் பாத்திரம் எதையாவது வெறுமனே காயவச்சீங்களா? அது ரொம்பக் காஞ்சா வர்ற புகை நமக்குத் தெரியாது, பறவை தாங்காது."

பஸ் ஸ்டாண்டில் அத்தா எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. காசு கொடுத்துவிட்டு, "அம்மாட்ட சீக்குன்னு சொல்லிருவோம்" என்றார். "வெள்ளக் கழிச்சல்னு டாக்டர் சொன்னாரு, அவ்வளவுதான். கல்லக் கொண்டாந்தவன் நான், அவ என்னம்மா செய்வா?"

அப்படியே சொன்னார். அப்படியா என்று கேட்டுவிட்டு அம்மா அரிசி களையப் போனாள். பெருநாள் கழிந்ததும் அத்தா ரியாத்துக்குப் போனார். அதன் பிறகு என் நோட்டுகளுக்கு நானே அட்டை போட்டுக்கொண்டேன். எனக்கு அம்மா மேல் கோபம் இருந்தது என்பதை மறைப்பானேன், அந்தக் கோபத்தை அவளிடம் காட்டவும் முடியாமல் அத்தா என் வாயைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

இப்போது அத்தா சர்க்கரையோடும் முழங்கால் வலியோடும் ஊரோடு வந்துவிட்டார். பறவை அறையில் இன்வர்ட்டரும் சிலிண்டரும் இருக்கின்றன. ஜன்னல் கம்பியில் பறவைகள் அலகு தேய்த்த தடம்கூட பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்டது. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய சேலையில் சுற்றிய ஒரு மூட்டை கைக்குக் கிடைத்தது. பிரித்தால் அந்தத் தோசைக்கல். ஒரு தோசைகூட வார்க்காத கல்லின் நடுவே மட்டும் நிறம் வெளுத்திருந்தது. அதை ஏன் அப்புறம் எடுக்கவே இல்லை என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா உள்ளறையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அன்னிக்கு அடுப்ப அணைக்கப் போறேன், சமையகட்டு ஜன்னல் பக்கத்துல இருந்த கூண்டுதான் மொதல்ல அடங்கிக் கெடக்கு. அடுப்புல இது காயுது. எனக்குத் தெரியாதா?"

"அத்தாட்ட சொல்லலையேம்மா."

"அவரு சீக்குன்னு நம்பிக்கிட்டு நிம்மதியாப் போனாரு. இவளாலதான் போறோம்னு நெனச்சுக்கிட்டு அந்த வெயில்ல கெடக்கணுமா?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் உள்ளிருந்து அத்தா, அங்க என்ன உருட்டுறீங்க என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க, பழைய சாமான்" என்றாள் அம்மா.

அத்தா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் கல்லை மறுபடியும் சேலையில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.